யாழ்ப்பாணத்துப் பழைய மரண அறிவித்தல்களிலிருந்து குடும்ப வரலாற்றைக் கண்டறிவது எப்படி?

உங்கள் தந்தையாரின் தகப்பனார் 1960களின் பிற்பகுதியில் வடமராட்சியில் காலமானார் என்றும், அவருடைய பெயரும் ஊரும் தவிர வேறெதுவும் தெரியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அக்காலப் பத்திரிகைகளில் அவருடைய மரண அறிவித்தல் வந்திருக்குமா, அதை எங்கே தேடுவது, அதைக்கொண்டு அவருக்கு முந்தைய தலைமுறையை அறிய முடியுமா என்பவை உங்கள் கேள்விகள். முடியும். ஆனால் நீங்கள் தேடத் தொடங்க வேண்டியது பாட்டனாரின் அறிவித்தலை அன்று. அவருடைய உடன்பிறந்தவர்களில் கடைசியாகக் காலமானவர் யாரோ, அவருடைய அறிவித்தலை. பல ஆண்டுகளாக எங்கள் குடும்பத்துக்கும், கேட்டவர்களுக்காக வேறு சில குடும்பங்களுக்கும் இந்த வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காரணம் எளிது. 1960களில் அச்சான அறிவித்தல்கள் பெரும்பாலும் சுருக்கமானவை. இன்னார் காலமானார், இத்தனை மணிக்குத் தகனம், அறிவிப்பவர் மகன் என்ற அளவில் நின்றுவிடுபவையே அதிகம். பின்னர் வெளிநாடுகளுக்குச் சிதறிப்போன குடும்பங்கள் தங்கள் உறவினர் அனைவரையும் ஒரே அறிவித்தலில் ஒன்றுசேர்க்க முற்பட்டபோதுதான் அது நீண்டு, கொடிவழிப் பட்டியலைப் போல ஆயிற்று. 1920இல் பிறந்து 2005இல் காலமான ஒரு மூதாட்டியின் அறிவித்தலில், ‘காலஞ்சென்ற இன்னார் – இன்னார் தம்பதியரின் அன்பு மகளும்’ என்று தொடங்கும் வரியில் குறிக்கப்படுகிறவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிப் பிறந்தவர்களாக இருப்பார்கள். அந்த மூதாட்டி உங்கள் பாட்டனாரின் இளைய சகோதரியாக இருந்தால், நீங்கள் தேடும் முந்தைய தலைமுறை அந்த ஒரு வரியிலேயே கிடைத்துவிடுகிறது. அண்மைக்காலத்து அறிவித்தல்கள் இணையத்திலும் இருப்பதால், வீட்டிலிருந்தபடியே இதைச் செய்யலாம்.

பெண்களின் அறிவித்தல்களை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்மவரில் ஆண்களின் பெயருக்கு முன்னே தகப்பனார் பெயரோ அதன் முதலெழுத்தோ வரும். திருமணமான பெண்ணின் பெயருடன் கணவர் பெயர் சேர்ந்துவிடும். ஆகவே பழைய பத்திரங்களில் பெண்கள் பிறந்த குடும்பத்தின் தடம் மறைந்துபோகிறது. ஒரு பெண் யாருடைய மகள், யாருடைய சகோதரி, யாருடைய மனைவி என்பதை ஒரே இடத்தில் சேர்த்துச் சொல்லும் ஆவணமாகப் பல குடும்பங்களில் மரண அறிவித்தல் ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. தாய்மாரின் சொந்தப் பெயர்களும் ‘தம்பதியரின்’ என்ற சொல்லுக்கு முன்னால்தான் அகப்படுகின்றன. எங்கள் பூட்டியின் பெயரை வீட்டில் எவரும் அறிந்திருக்கவில்லை. எல்லோருக்கும் அவர் ‘ஆச்சி’தான். பாட்டியின் தங்கை காலமானபோது வந்த அறிவித்தலின் இரண்டாவது வரியில்தான் அந்தப் பெயரை முதன்முதலாகப் பார்த்தேன்.

இனி, எந்தப் பத்திரிகைகள் என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் பாட்டனாரின் காலத்துக்கு முதலில் பார்க்க வேண்டியவை யாழ்ப்பாணத்திலிருந்தே வெளிவந்த ஈழநாடும், கொழும்பிலிருந்து வந்த வீரகேசரியும் தினகரனும் ஆகும். ஈழநாடு 1959இல் தொடங்கப்பட்டுப் பின்னர் நாளிதழாயிற்று. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. 1930 முதல் 1958 வரையான காலத்துக்குச் சுன்னாகத்திலிருந்து வெளிவந்த ஈழகேசரியைப் பார்க்கலாம். அதற்கும் முன்னே செல்ல வேண்டுமானால் குடும்பம் எந்தச் சமயத்தைச் சேர்ந்தது என்பது முக்கியமாகிவிடும். அமெரிக்க மிஷனைச் சார்ந்த குடும்பங்களுக்கு 1841இல் தொடங்கிய உதயதாரகை, கத்தோலிக்கருக்கு 1876இல் தொடங்கிய பாதுகாவலன், சைவக் குடும்பங்களுக்கு 1889இல் சைவ பரிபாலன சபை தொடங்கிய இந்து சாதனம் என்று பிரித்துக்கொள்ளலாம். அந்தப் பழைய இதழ்களில் கட்டணம் செலுத்தி இடும் அறிவித்தலைக் காட்டிலும், ஊரறிந்த ஒருவரின் மறைவைப் பற்றி ஆசிரியரோ நிருபரோ எழுதும் சிறு குறிப்பே மிகுதி. எனவே விளம்பரப் பக்கத்தோடு நின்றுவிடாமல் ஊர்ச் செய்திகளையும் வாசிக்க வேண்டும்.

இந்த இதழ்களை ஒரே இடத்தில் காண முடியாது. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் அந்த நாட்களிலேயே எரிக்கப்பட்டது. வீடுகளில் பேணப்பட்டவற்றில் பெரும்பகுதி 1995 அக்டோபர் 30இல் தொடங்கிய பெரும் இடப்பெயர்வோடும், அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்த இடப்பெயர்வுகளோடும் போயிற்று. ஊரிலே தேடிக் கிடைக்காததாலேயே ஓர் இதழ் உலகிலேயே இல்லை என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத் திணைக்களத்திலும், கொழும்பு அருங்காட்சியக நூலகத்திலும் பழைய பத்திரிகைகள் பேணப்படுகின்றன. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் பல இதழ்களின் படிமங்களை இலவசமாகவே பார்க்கலாம். அங்குள்ளவை பெரும்பாலும் பக்கங்களின் படங்கள். பெயரைத் தட்டச்சிட்டால் உரிய பக்கம் வந்து நிற்கும் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். நாளைக் குறுக்கிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்ப்பதே வழி.

நாளைக் குறுக்குவதற்கு நம் வீடுகளில் ஓர் அரிய வசதி இருக்கிறது. ஆண்டு மறந்துபோன குடும்பத்திலும் திவசத் திதி மறந்துபோவதில்லை. உங்கள் தந்தையாரோ அத்தையாரோ பாட்டனாருக்கு எந்த மாதத்தில், எந்தப் பட்சத்தில், எந்தத் திதியில் திவசம் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். ‘ஆவணி மாதம், தேய்பிறைத் துவிதியை’ என்று ஒரு விடை கிடைத்தால், 1965 முதல் 1969 வரை ஒவ்வோர் ஆண்டின் பஞ்சாங்கத்திலும் அந்தத் திதி எந்த ஆங்கிலத் திகதியில் விழுந்தது என்று பார்த்து, ஐந்தே ஐந்து திகதிகளைக் குறித்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் பிந்திய நான்கு நாட்களின் பத்திரிகைகளைப் பார்த்தால் போதும். ஐந்து ஆண்டுப் பத்திரிகைகளைப் புரட்டும் வேலை இருபது இதழ்களாகச் சுருங்கிவிடுகிறது.

இதைவிடவும் நல்ல சான்று, 31ஆம் நாளில் அச்சிட்டு வழங்கப்படும் நினைவு மலர். அதை நம்மவர் கல்வெட்டு என்று சொல்வார்கள். அதில் திதி வெண்பா என்ற ஒரு பாட்டு இருக்கும். காலமான தமிழ் ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றை அது ஒரு வெண்பாவுக்குள் அடக்கிச் சொல்லும். ஆண்டின் பெயர் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருவது என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். ‘விய’ ஆண்டு என்றால் அது 1886 சித்திரையில் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1946இல் தொடங்கியதாகவும் இருக்கலாம்; பிள்ளைகளின் வயதைக் கொண்டுதான் எது என்று தீர்மானிக்க முடியும். கல்வெட்டுகளில் வரும் வம்சவரலாற்றுப் பகுதி பத்திரிகை அறிவித்தலைவிட இரண்டு மூன்று தலைமுறை முன்னே செல்வதும் உண்டு. அது புகழ்ந்து பாடும் நோக்கத்தோடு எழுதப்பட்டது என்பதால் பட்டங்களையும் பெருமைகளையும் ஒதுக்கிவிட்டு, பெயர்களையும் ஊர்களையும் உறவுமுறைகளையும் மட்டும் எடுத்துக்கொள்வது என் வழக்கம். நூலகம் தளத்தில் நினைவு மலர்களும் ஏராளமாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

அறிவித்தல் கைக்கு வந்தபின் அதை வாசிக்கும் முறை பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தேடுகிறவர்கள் தவறு செய்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

‘இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட’ என்ற தொடக்க வரி வெறும் முகவரி அன்று. நம் வழக்கில் பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுப்பதும், திருமணத்துக்குப்பின் கணவர் அந்த வீட்டுக்கு வந்து வாழ்வதும் பரவலாக இருந்தமையால், ஓர் ஆணின் வதிவிடம் பல சமயங்களில் அவர் மனைவியின் ஊராகவே இருக்கும். அவருடைய தந்தை வழியைத் தேடுகிறவர்கள் பிறப்பிடத்துக்குச் செல்ல வேண்டும்; அவருடைய மனைவியின் பெற்றோரைத் தேடுகிறவர்கள் வதிவிடத்துக்குச் செல்ல வேண்டும். உங்கள் பாட்டனாரின் ஊர் என்று நீங்கள் குறிப்பிட்டது அவர் பிறந்த ஊரா, பாட்டியாரின் ஊரா என்பதை இப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்தது ‘காலஞ்சென்ற’ என்ற சொல். ஒரு பெயருக்கு முன்னே அது நின்றால், அந்த அறிவித்தலின் நாளுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார் என்று பொருள். நின்றிருக்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை என்றால் அவர் அன்று உயிருடன் இருந்தார் என்று கொள்ளலாம். ஒரே குடும்பத்தின் இரண்டு அறிவித்தல்களை ஒப்பிட்டால், இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் யார் யார் மறைந்தார்கள் என்பது தெரிந்துவிடும். 1974ஆம் ஆண்டு அறிவித்தலில் வெறும் பெயராக இருந்தவர் 1981ஆம் ஆண்டு அறிவித்தலில் ‘காலஞ்சென்ற’ ஆகிவிட்டால், அவருடைய அறிவித்தலை அந்த ஏழு ஆண்டுகளுக்குள் தேடலாம். சிக்கல் எழுவது ‘காலஞ்சென்றவர்களான’ என்று பன்மையில் தொடங்கும்போதுதான். அந்தச் சொல் அதன்பின் வரும் எத்தனை பெயர்களைத் தழுவுகிறது? ஒழுங்காக எழுதப்பட்ட அறிவித்தலில் இறந்தவர்களின் பெயர்கள் முடிந்ததும் ‘மற்றும்’ என்ற சொல் வந்து, அதன்பின் உயிருடன் இருப்பவர்களின் பெயர்கள் தொடரும். அச்சுக்கோப்பில் அந்த ‘மற்றும்’ விடுபட்டாலோ, எல்லாப் பெயர்களும் காற்புள்ளிகளோடு மட்டும் அடுக்கப்பட்டாலோ, உயிருடன் இருந்தவரையும் இறந்தவராக எண்ணிவிடுவோம். என் குறிப்பேட்டில் ஒரு பெரியம்மாவை அவர் காலமாவதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்னரே இறந்தவர் என்று நான் பதிவுசெய்திருந்தேன். அவர் பெயரிட்டு அறிவித்த இன்னோர் அறிவித்தல் கிடைத்த பிறகே அதைத் திருத்தினேன்.

பிள்ளைகளின் பட்டியலும் மருமக்களின் பட்டியலும் பெரும்பாலும் ஒரே வரிசையில், மூத்தவரிலிருந்து இளையவர் வரை வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, முதலாமவருக்கு முதலாமவர் என்று கோடிட்டால் தம்பதியர் கிடைத்துவிடுவார்கள். ஆனால் கோடிடும் முன் எண்ணிப் பாருங்கள். ஆறு பிள்ளைகளுக்கு ஐந்து மருமக்கள் இருந்தால் அவர்களில் ஒருவர் திருமணம் ஆகாதவர், அல்லது ஒருவருடைய துணைவரின் பெயர் விடப்பட்டிருக்கிறது. அந்த ஒருவர் மூன்றாமவர் என்று வைத்துக்கொண்டால், அவருக்குப்பின் வரும் எல்லா இணைகளும் ஒரு படி தவறிவிடும். பெயருக்குப் பின்னே அடைப்புக்குறிக்குள் உள்ள நாடு இதற்கு உதவும்: பிள்ளைகளில் ஒருவருக்குப் பின்னே கனடா என்று இருந்து, மருமக்களில் அதே இடத்தில் உள்ளவருக்குப் பின்னே ஜேர்மனி என்று இருந்தால் வரிசை எங்கோ குலைந்திருக்கிறது.

உறவுச் சொற்களைப் பொறுத்தவரை, தமிழகத்து வழக்கில் பழகியவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ‘பேரன்’ என்ற சொல்லை. யாழ்ப்பாண வழக்கில் பேரன் என்பது பாட்டனாரையும், பேர்த்தி என்பது பாட்டியாரையும் குறிக்கும். அவர்களுக்கும் மேலே உள்ளவர்கள் பூட்டனும் பூட்டியும். எண்பது வயதில் காலமான ஒருவரை ‘இன்னார் இன்னார் ஆகியோரின் அன்புப் பேரனும்’ என்று அறிவித்தல் சொன்னால், அந்தப் பெயர்கள் அவருடைய பேரப்பிள்ளைகளின் பெயர்கள். அதே சொல் இருபது வயதில் இறந்த இளைஞனின் அறிவித்தலில் வந்தால், அவன்தான் பேரப்பிள்ளை. வயதைப் பார்க்காமல் இந்தச் சொல்லைக் கொண்டு கோடு இழுக்கக்கூடாது. மைத்துனர் என்பது கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தவரையும் குறிக்கும், மாமன் மகன் அத்தை மகனையும் குறிக்கும். மருமகன் என்பது மகளின் கணவராகவும் இருக்கலாம், சகோதரியின் மகனாகவும் இருக்கலாம். இதற்கு மாறாக, சகலன் என்றால் மனைவியின் சகோதரியை மணந்தவர் என்ற ஒரே பொருள்தான். ஆகவே சகலன் பட்டியல் மனைவியின் சகோதரிகளைக் கண்டறிய நம்பகமான வழி. பெறாமக்கள் என்ற சொல்லும் பயனுள்ளது. ஓர் ஆணின் அறிவித்தலில் அது பெரும்பாலும் அவருடைய சகோதரரின் பிள்ளைகளையோ மனைவியின் சகோதரியின் பிள்ளைகளையோ குறிப்பதால், நீங்கள் அறியாத ஒரு பெரிய பாட்டனார் இருந்தார் என்பதை அந்தச் சொல் ஒன்றே காட்டிக்கொடுக்கக்கூடும்.

அறிவித்தலின் கடைசிப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். பூதவுடல் எந்த மயானத்துக்கு எடுத்துச்செல்லப்பட்டது என்பது குடும்பம் அன்று எங்கே வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டும். சேமக்காலை, அதாவது கல்லறைத் தோட்டம், என்றிருந்தால் அவர்கள் கிறிஸ்தவர்கள். அந்தப் பங்கின் தேவாலயத்தில் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள் பேணப்பட்டிருக்க வாய்ப்புண்டு. ‘தகவல்’ என்ற சொல்லின்கீழ் நிற்பவர் யார் என்பதும் முக்கியம். மகன் இருக்க மருமகன் அறிவித்திருந்தால், மகன் அன்று ஊரில் இல்லை என்று ஊகிக்க இடமுண்டு.

மலாயாவையும் நீங்கள் மறந்துவிடக்கூடாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்தார் பலர் எழுதுவினைஞர்களாகவும் புகையிரதப் பகுதி ஊழியர்களாகவும் அங்கே சென்றார்கள். பாட்டனாரின் சகோதரர் ஒருவர் ‘மலாயாப் பென்சனியர்’ என்று வீட்டில் பேச்சிருந்தால், சிங்கப்பூர்த் தேசிய நூலகச் சபையின் இணையப் பத்திரிகைத் தொகுப்பைப் பாருங்கள். 1935இல் தொடங்கிய தமிழ் முரசும், அதைவிடப் பழைய ஆங்கில நாளிதழ்களும் அங்கே உள்ளன. ஆங்கில இதழ்களில் பெயரைத் தட்டச்சிட்டே தேடலாம், ஆனால் நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியதில் ஒழுங்கு இருக்கவில்லை. கந்தையா, செல்லையா போன்ற பெயர்களை ஒரே குடும்பத்துச் சகோதரர்களே வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் எழுதியிருக்கிறார்கள். எல்லா வடிவங்களையும் முயன்று பார்த்துவிட்டு, அதன்பின் ஊர்ப் பெயரையும் ‘யாழ்ப்பாணம்’ என்பதையும் வைத்துத் தேடுங்கள்.

ஒன்றைக் கசப்பானாலும் சொல்லியாக வேண்டும். அறிவித்தல் இல்லாததால் ஒருவர் இல்லாதவர் ஆகிவிடமாட்டார். பத்திரிகை அறிவித்தல் பணம் கொடுத்து இடுவது. ஆகவே ஆசிரியர், தபாலதிபர், வணிகர் ஆகியோரின் மறைவு அச்சேறிய அளவுக்கு உழவரின் மறைவோ கூலித் தொழிலாளரின் மறைவோ அச்சேறவில்லை. இலங்கை வானொலியின் மரண அறிவித்தலோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்களும் உண்டு. அந்தக் குரல் ஒலித்த நாளோடு போய்விட்டது. அச்சேறிய பட்டியல்களிலும் வேண்டுமென்றே விடப்பட்டவர்கள் இருக்கிறார்கள்: குடும்பத்தின் விருப்பத்துக்கு மாறாகச் சாதி கடந்து மணந்த மகள், முதல் தாரத்துப் பிள்ளைகள், காணி வழக்கில் பகைத்துக்கொண்ட சகோதரர். இப்படி விடப்பட்டவர்களைக் கண்டெடுத்து உரிய இடத்தில் சேர்ப்பதை நான் இந்த வேலையின் மிக முக்கியமான பகுதியாகவே கருதுகிறேன். அவர்கள் தங்கள் சொந்த அறிவித்தல்களில் பெற்றோரின் பெயரைச் சொல்லியே இருப்பார்கள். கீழிருந்து மேலே தேடுவதன் பயன் இங்கேயும் தெரியும்.

அறிவித்தலில் கண்டதை வேறொரு சான்றோடு ஒப்பிடாமல் முடிவாகக் கொள்ளாதீர்கள். இறந்த திகதி தெரிந்துவிட்டால் உரிய பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். வயதைக் கழித்துப் பிறந்த ஆண்டைக் கணக்கிடும்போது ஓரிரு ஆண்டுகள் முன்பின்னாக இருக்க இடம் விடுங்கள். காணி உறுதிகள் எனப்படும் நிலப் பத்திரங்கள், குறிப்பாகச் சீதன உறுதிகள், பெற்றோர் பெயரையும் மகள் பெயரையும் ஒருங்கே கொண்டிருப்பதால் மிகச் சிறந்த துணைச் சான்றாகும். திகதியில் ஐயம் வந்தால் கிழமையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அறிவித்தலில் 12.06.1968 என்று இருந்து, கிழமை வியாழன் என்று இருந்தால் ஏதோ ஒன்று பிழை, ஏனெனில் அந்த நாள் புதன்கிழமை. ‘நேற்றுக் காலமானார்’ என்ற வரியை இதழின் திகதியைக் கொண்டு கணக்கிட வேண்டும். திகதியில்லாத நறுக்காக இருந்தால் அதுவும் கைகொடுக்காது.

அப்படிப்பட்ட நறுக்கு ஒன்று எங்கள் பாட்டியின் பெட்டியில், ஒரு பழைய பஞ்சாங்கத்துக்குள் இருந்தது. இறந்தவர் பாட்டியின் தமையனார். திகதியோ பத்திரிகையின் பெயரோ இல்லாமல், ஓரங்கள் பழுப்பேறி, மடிப்பில் இரண்டாகப் பிரியும் நிலையில் இருந்தது. பல மாதங்கள் அதன் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, பின்பக்கத்தில் பாதியாக வெட்டுப்பட்ட ஒரு கேள்வி (ஒப்பந்தப்புள்ளி) அறிவித்தல் இருந்தது. ஏதோ ஒரு கட்டட வேலைக்கான கேள்விகள் ஏற்கப்படும் கடைசித் திகதி அதில் ஆண்டோடு அச்சாகியிருந்தது. அந்தத் திகதிக்கு முந்திய ஒரு மாத இதழ்களைப் பார்த்ததில், மூன்றாம் நாள் வேலையிலேயே முழுப் பக்கமும் கிடைத்துவிட்டது. ஆகவே உங்கள் உறவினரிடம் நறுக்குகள் இருந்தால் இரு பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒட்டுப்பசையோ ஒட்டுநாடாவோ போட்டு அதை ஏட்டில் ஒட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்; ஒட்டினால் பின்பக்கம் போய்விடும், தாளும் விரைவில் கெட்டுவிடும்.

காணும் ஒவ்வோர் அறிவித்தலுக்கும் பத்திரிகையின் பெயர், திகதி, பக்க எண் ஆகிய மூன்றையும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள். தேடியும் கிடைக்காத இதழ்களையும் எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு அதே இதழ்களை மறுபடியும் புரட்டுவீர்கள். உங்கள் கடிதத்தில் கொழும்பில் வசித்து அண்மையில் காலமான ஓர் அத்தையாரைப் பற்றிக் குறிப்பிட்டிருந்தீர்கள். அவர் உங்கள் தந்தையாரின் சகோதரி என்றால் அவருடைய அறிவித்தல் பாட்டனாரின் பெயரோடு நின்றுவிடும். தந்தையாரின் அத்தை என்றால் பாட்டனாரின் பெற்றோர் இருவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். அவர் யாருக்கு அத்தை என்பதை முதலில் கேட்டு அறிந்து, அந்த அறிவித்தலிலிருந்து தொடங்குங்கள்.